தபாலில் வந்த அழைப்பு

தங்கச்சி,

கொக்குவில் வாத்தியாரம்மாவுக்குச் சண்டிலிப்பாய்ப் புகையிலைக்காரன் எழுதுவது. சிவப்புப் பேனையை எடுத்துப் பிழை திருத்தாதே.

நீ கருத்தரங்கில் வாசிக்கப்போவதாக அனுப்பிய கட்டுரைத் தாளை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘வரவேற்கும் கற்பித்தல்’ என்று தலைப்பு. நம்பிக்கை, மதிப்பு, அக்கறை எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதியிருக்கிறாய். ‘தெரியாமல் விலக்குதல்’ என்ற இடத்தில் மட்டும் எனக்காகக் கோடு கீறியிருக்கிறாய். போன வருடம் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் என் மகள் ஆரணியைப் பார்த்து, “உனக்குக் கணக்கு ஏறாது, மாமி எண்டு கூப்பிட்டு என்ரை மானத்தை வாங்காதை” என்றாயே, அது இந்த வகையாம். சரி, தெரியாமல்தான். அன்றோடு அவள் பள்ளிக்கூடம் போவதை விட்டாள்.

எனக்குத் தெரிந்த விளக்கம் ஒன்றுதான். கலியாணம் என்றால் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும். என் கலியாணத்துக்கு அழைப்புக் காட்டை ஆளிடம் கொடுத்தனுப்பினேன் என்று நீயே மூன்று வருடம் என்னோடு கதைக்கவில்லை. அப்படிப்பட்ட நீ, ஆரணியைத் திரும்பக் கூப்பிடும் பள்ளிக்கூடக் கடிதத்தைத் தபாலில் போட்டாய். “மாமி நேரிலை வருவா அப்பா” என்று அவள் பத்து மாதம் காத்திருந்தாள். சாதாரணதரப் பரீட்சையும் அவள் எழுதாமலே போயிற்று.

திங்கட்கிழமை தையல் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிட்டாள். “திரும்பப் படியன் பிள்ளை” என்றேன். “உங்களுக்கு வேறை வேலை இல்லையே அப்பா?” என்று சிரித்தாள். ஊரெல்லாம் பகிடி விடுகிற நான் அவளுடைய சாப்பாட்டுப் பொதியை பஸ் யன்னலால் நீட்டினேன்.

இனி நீ வந்தால் தேத்தண்ணி தருவேன். படிப்பதற்குத்தான் வீட்டில் ஆளில்லை.

உன் அண்ணை