பல் விழுந்த பிறகு இறங்கிய கோடு

இன்று காலை திருப்பத்தூர் கடைவீதியில், பழைய இரும்புக் கடை வாசலில் ஒரு கொக்கித் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. என் இரண்டு கைகளும் தாமாக அதன் கீழே போயின, குழந்தை விழுந்துவிடாமல் தாங்குவதற்கு. "இன்னாம்மா வேணும்?" என்றார் கடைக்காரர். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். வேறு யாரிடம் சொல்ல? நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலை ஊர்களில், அப்படியொரு தராசில் சேலைத் தூளி கட்டித்தான் நாம் குழந்தைகளை எடை பார்த்தோம். நீ கணியம்பாடிக்காரி, நர்ஸ். நான் புள்ளியியல் படித்துவிட்டு வேலைக்கு வந்தவள். பிறந்த தேதி எந்த வீட்டிலும் எழுதி வைக்கப்படவில்லை. அதனால் ஆளைப் பார்த்தே இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு என்று வயதுப் பிரிவுகளில் சேர்த்தோம். ஒவ்வொரு பிரிவுக்கும் நடு வயதை வைத்துக்கொண்டு, வயது ஏற ஏற எடை எவ்வளவு ஏறுகிறது என்று நான் கோடு போட்டேன். அது மலைக்குக் கீழே, சமவெளிக் குழந்தைகளின் கோட்டை ஒட்டியே வந்தது. "அப்புறம் எதுக்கு அங்க சத்துணவு மையம்?" என்று கேட்டுவிட்டார் மேலதிகாரி.

மறுபடி மேலே போனபோது, மூன்று வயதுப் பிரிவில் நாம் சேர்த்திருந்த சிறுமி ஓடிவந்து உன்னிடம் உள்ளங்கையை விரித்தாள். விழுந்த முன்பல்.

"இன்னா கண்ணு, அதுக்குள்ளயா?"

"அதுக்குள்ள இன்னா நர்ஸம்மா, ஆறு சாமை அறுப்பு பாத்துட்டா" என்றாள் அவள் தாய். சாமை வருஷத்துக்கு ஒரு முறைதான் அறுப்பு; அப்படியென்றால் அவளுக்கு ஆறு வயது.

நீ அங்கேயே பாறைமேல் உட்கார்ந்துவிட்டாய். "இளைச்ச புள்ளைங்கள எல்லாம் சின்னப் புள்ளைங்கன்னு எழுதிட்டோம்டி. அதான் உன் கோடு ஒசந்து நிக்குது."

வீடு வீடாகப் போய்க் கேட்டோம். எந்த அறுப்பில் பிறந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முன்னாலா பின்னாலா என்று. பலருக்கு இந்த அறுப்புக்கும் அந்த அறுப்புக்கும் இடையில் என்பது மட்டும் தெரிந்தது. இந்த முறை நடு வயதைப் போடவில்லை. ஒரு கோட்டை ஊகித்து, அதையும் எடையையும் கொண்டு அந்த இடைவெளிக்குள் வயது எங்கே இருக்கக்கூடும் என்று கணித்து, அதிலிருந்து புதுக் கோடு போட்டேன். பிறகு அந்தப் புதுக் கோட்டை வைத்து மறுபடியும். மழை அடைத்த மத்தியானங்களில் நீ எண்களைப் படிப்பாய்.

"கோடு இன்னும் ஆடுதா?"

"ஆடுது."

கடைசியில் கோடு அசையாமல் நின்றது. எவ்வளவு தாழ்வாக நின்றது என்பதைப் பார்த்து நீ வாயைப் பொத்திக்கொண்டாய்.

சத்துணவு மையம் வந்தது, ஒன்றே ஒன்று. முதல் நாளே அந்தச் சிறுமி தட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். என்னைச் சென்னைக்கு மாற்றினார்கள். உனக்கும் மலைக்குக் கீழே மாற்றல் கிடைத்தது, நீ மறுத்துவிட்டாய். "நீ போய்ட்டு வா. எனக்கு இங்க வேலை கீது" என்று பஸ்ஸருகே சொன்னாய். அதன் பிறகு ஆளுக்கொரு திசை. ஓய்வு பெற்று, உனக்கு அருகில் இருக்கலாம் என்றுதான் திருப்பத்தூருக்கு வந்தேன். இரண்டு முறை பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

டிவியில் யாராவது ஒரு சராசரியைச் சொன்னால், "யாரு பாத்து எழுதுனாங்க?" என்று வாய்விட்டுக் கேட்கிறேன். உன் ஊர்ப் பேச்சு என் வாய்க்கு எப்போது வந்ததென்று தெரியவில்லை. பதில் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.