மூன்று புள்ளி வளையம்

வியன்னா
20 ஜனவரி 2025

அன்புள்ள அப்பா,

முட்டி வலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் சரியாகிவிட்டதா, இன்னும் நான்கு மாடி ஏறுகிறீர்களா? வாரம் ஒரு கடிதம் எழுதுகிறவர், கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2016க்கு முன் தங்களிடம் யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திரம் ஒன்றுகூட இருந்ததில்லை என்று அந்த நாடு எழுதிக் கொடுத்திருக்கிறது. அது உண்மையா, இல்லை அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை மீறி அதற்கு முன்பே தொடங்கிவிட்டார்களா என்று மார்ச் மாதம் எங்கள் அணுசக்திக் கண்காணிப்பு நிறுவனத்தில் என் பிரிவு அறிக்கை கொடுக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம் கேட்கிறேன். என் பள்ளிக்கூடத்து ஜாமெட்ரி பாக்ஸ் வீட்டில் இருக்கிறதா? அதன் அடியில் உங்கள் பட்டறைக் குறியைக் கீறிக் கொடுத்தீர்களே, முக்கோணத்துக்குக் கீழே மூன்று புள்ளிகள்தானே? எப்போதும் மூன்றுதான் வைப்பீர்களா? போனில் சொல்ல வேண்டாம், எழுதுங்கள். காரணமும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
ஜானிஸ்


பிரிக்பீல்ட்ஸ்
3 பிப்ரவரி 2025

அன்பு மகள் ஜானிஸுக்கு,

கர்த்தர் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. முட்டி பரவாயில்லை. எழுதாதது என் தவறுதான். எழுதுவதற்கு எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

நீ கேட்டதற்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். பாக்ஸ் அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்று புள்ளிகள்தான். நான் வேலை பார்த்த கிள்ளான் உதிரிபாகப் பட்டறையில் சரிபார்ப்பவர்கள் நான்கு பேருக்கும் ஒரே முக்கோணக் குறிதான் கொடுத்திருந்தார்கள். நாளைக்கு ஒரு சாமான் பழுதென்று திரும்பி வந்தால் யார் பார்த்தது என்று தெரிய வேண்டாமா? அதனால் நான் பார்த்தவற்றில் மட்டும் புள்ளிகளைச் சேர்த்தேன். நீ, நான், அம்மா. மூன்று.

எப்போதும் மூன்றா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. 2011 ஜூன் மாதம் உன் அம்மா எவலின் நம்மை விட்டுக் கர்த்தரிடம் போனாள். எட்டாம் நாள் வேலைக்குப் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது புள்ளியோடு கை நின்றுவிட்டது. ஓய்வு பெறும்வரை இரண்டுதான் வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. உன்னிடமும் சொன்னதில்லை. இதெல்லாம் உனக்கு எதற்குப் பயன்படும் என்று தெரியவில்லை. கேட்டதால் முழுவதும் எழுதினேன்.

இன்னொரு செய்தி. போன வியாழக்கிழமை பட்டறை முதலாளி ராஜன் வந்திருந்தார். பத்து வருடமாக எட்டிப் பார்க்காதவர், சீனப் பெருநாள் ஆரஞ்சு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்தார்.

“என்ன மாரிஸண்ணே, இளைச்சுட்டீங்களே லா. அந்த 555 சின்ன நோட்டுல சாமான் அளவெல்லாம் எழுதி வப்பீங்களே, அதெல்லாம் இன்னும் இருக்கா?”

“எதுக்கு மொதலாளி?”

“சும்மாதான். வீட்ல கெடந்தா கரையான் புடிக்கும். குடுங்க, நானே கொண்டு போயிடறேன்.”

“தேடிப் பாக்கணும்” என்றேன். நோட்டுகள் அவர் உட்கார்ந்திருந்த சோபாவுக்குப் பின்னால்தான் இருந்தன. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். முகம் காட்டிக் கொடுத்திருக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டே, “ஒங்க மக வியன்னாவுலதானே வேல பாக்குது? நல்லா இருக்கட்டும்” என்றார். நீ இருக்கும் ஊரை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

நீ கேட்டதும் அவர் கேட்டதும் ஒரே விஷயம்தானா, ஜானிஸ்? கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆரஞ்சில் கை வைக்கவில்லை.

உன் அப்பா,
மாரிஸ்


வியன்னா
14 பிப்ரவரி 2025

அப்பா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடுங்கள்.

எழுதக்கூடாததை எழுதுகிறேன். அந்த நாட்டிலிருந்து வந்த ஒரு புகைப்படம் என் மேசையில் இருக்கிறது. சுழல் இயந்திரத்தில் பொருத்தும் ஓர் அலுமினிய வளையம். உள்விளிம்பில் முக்கோணம், கீழே மூன்று புள்ளிகள். எங்கள் பிரிவில் நான்கு பேர் அதைப் பார்த்தோம். மற்ற மூவருக்கும் அது வெறும் கீறல். எனக்கு என் ஜாமெட்ரி பாக்ஸ். உங்கள் கடிதம் வரும்வரை வருடம் தெரியாது. இப்போது தெரியும், 2011 ஜூனுக்கு முன். ஏன் கேட்டேன் என்றிருக்கிறது.

நான் வாய் திறக்காவிட்டால், “எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று நிறுவ முடியவில்லை” என்று அறிக்கையில் ஒரு வரி வரும். அப்படியே போகட்டும் அப்பா. எழுபத்து நான்கு வயதில் உங்களை ஒரு விசாரணை அறையில் உட்கார வைக்க என்னால் முடியாது. நோட்டுகளையும் எரித்துவிடுங்கள். ராஜனிடம் எதையும் கொடுக்க வேண்டாம், எதையும் பேச வேண்டாம். அந்த நாட்டுக்காரர்கள் வாக்கை மீறினார்களா இல்லையா, உங்களுக்கு எதற்கு அது?

ஜானிஸ்


பிரிக்பீல்ட்ஸ்
25 பிப்ரவரி 2025

அன்பு மகள் ஜானிஸுக்கு,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். நோட்டுகளை எரிக்கவில்லை.

நீ சொன்னபடி முதலில் எரிக்கத்தான் எடுத்தேன். பக்கத்து வீட்டுப் புனிதாவிடம் பழைய பால்மாவு டின்கூட வாங்கி வைத்தேன். அதற்கு முன் ஒருமுறை வாசித்துவிடலாம் என்று உட்கார்ந்தது என் பழக்கதோஷம். 2010 செப்டம்பர், ஆயிரத்து நானூறு வளையங்கள். ஆர்டர் தாளில் தண்ணீர் பம்புக்கு என்று இருந்தது. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தள்ளிவிடச் சொல்லியிருந்தார்கள். எந்தப் பம்புக்கும் அது தேவையில்லை. முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு அது தெரியாதா? ராஜனிடம் போய்க் கேட்டேன்.

“ஒங்களுக்கு எதுக்குண்ணே அது? ஓகேவா, ரிஜெக்டா, அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

ஓகே என்றேன். ஆயிரத்து நானூறு முறை.

‘உங்களுக்கு எதற்கு அது’ என்ற அதே வார்த்தையை இப்போது நீ எழுதியிருக்கிறாய். என் மேலுள்ள பாசத்தில்தான் எழுதினாய், அது தெரியும். ஆனாலும், அன்று ஓகே சொல்ல வைத்த என் பயம் என்னோடு போகட்டும் என்றிருந்தேன். உன் கைக்கும் வந்துவிட்டதே.

இன்று காலை தபால் நிலையத்துக்குப் போனேன். ஐந்து நோட்டுகள், உன் ஜாமெட்ரி பாக்ஸ், உங்கள் நிறுவனத்துத் தலைமைக்கு ஒரு கடிதம். மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். எந்தத் தேதியில் சரிபார்த்தேன், எந்தத் தேதியில் துறைமுகத்துக்குப் போனது, மூன்று புள்ளி எந்த நாளோடு நின்றது. எந்த வழியில் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியாது. அதை எழுதவில்லை. வாக்கை மீறினார்களா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? நீ என் மகள் என்பதை எழுதியிருக்கிறேன். நீ சொன்ன எதையும் எழுதவில்லை.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். விசாரித்துவிட்டேன். பொட்டலத்துக்கு நான்கு நாளாவது முன்னால் உன் கைக்கு வந்துவிடும். அந்த நான்கு நாட்களுக்குள், அம்மா, நீயாகவே உன் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடு. அது யாருடைய குறி என்று அவர்கள் கண்டுபிடிப்பது வேறு, நீ சொல்வது வேறு. வேலை போனாலும் போகட்டும். எனக்குப் பதில் எழுதாதே. இனி வரும் கடிதங்களை மற்றவர்களும் பிரிப்பார்கள்.

நேற்று ராஜன் போன் செய்தார். நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறாராம். இந்த முறை தனியாக இல்லை, நண்பர்கள் என்று இரண்டு பேரை அழைத்து வருகிறாராம். வரச் சொல்லிவிட்டேன். தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். ஆரஞ்சு அடியில் பூஞ்சை பிடித்துவிட்டது, பெட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். நோட்டு எங்கே என்று கேட்டால், வீட்டில் இல்லை என்பேன். அது பொய் இல்லை.

அதற்குப் பிறகு என்ன கேட்பார்கள் என்றுதான் தெரியவில்லை. இந்தக் கடிதத்தைக் கூரியரில் கொடுக்கப் புனிதா இப்போதே கிளம்புகிறாள். அதனால் இங்கே நிறுத்துகிறேன்.

உன் அப்பா,
மாரிஸ்