வயிற்றுக் கட்டிக்கு முழங்கால் எண்ணெய்

ஜூலை 8, செவ்வாய்
கச்சான் காற்று. வீடெல்லாம் மணல். செய்ய வேண்டியவை: கரண்ட் பில், கண்ணாடிக்கு ஆணி, கருவாடு.

தொப்புளுக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. படுத்தால் காணோம். எழும்பினால், தும்மினால் ஆள் ஆஜர், வலியோடு. மனைவி சுபைதாவுக்குச் சொல்லவில்லை. அவளுடைய தங்கை வயிற்றில் கட்டியென்று கொழும்புக்குப் போய் உயிரில்லாமல், மையத்தாகத்தான் வந்தாள். அந்தச் சொல்லை நான் எப்படி இவளிடம்...

ஜூலை 10, வியாழன்
தொழுகையில், சுஜூதிலிருந்து நெற்றியை எடுத்து எழும்பக் குத்துகிறது. மதியம் ளுஹருக்குப் பள்ளியில் கதிரையில் உட்கார்ந்து தொழுதேன். பக்கத்துக் கதிரை, மரக்கடை ஹனிபா காக்கா:
"சேருக்கும் முழங்கால் போயிட்டா? வாங்க வாங்க, நம்மட வரிசைக்கு!"
மறுக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி
ஜும்ஆ முடிய எண்ணெய் வரத் தொடங்கிற்று. ஹனிபா காக்கா ஒரு போத்தல். சம்மாந்துறை மச்சான் ஒன்று, மணத்திலேயே ஆள் எழும்பி ஓடும். எதிர்வீட்டு ராத்தா ஒன்று.
சுபைதா: "முழங்கால் நோவெண்டு ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் சொல்லல்லியே?"
குந்தியிருந்து இரண்டு காலுக்கும் தேய்த்தாள். நோகாத காலுக்கு. மரியாதைக்கு "ஆ" என்றேன்.

ஜூலை 14, திங்கள்
தனியாக டொக்டரிடம் போகத் திட்டம். கரண்ட் பில் கட்டப் போகிறேன் என்றேன்.
"இந்தக் காலோட தனியப் போறதா? நில்லுங்க, டொக்டரிட்டயும் காட்டிட்டு வருவம்."
வந்தே விட்டாள்.

டொக்டர் சின்னப் பெண். காலை மடக்கிப் பார்த்தார். குறை இல்லை. "எழும்புங்க சேர்." எழும்பினேன். கை தானாக வயிற்றைப் பிடித்தது. ஷேர்ட்டை உயர்த்தினார். சுபைதா கட்டியைக் கண்டாள்.

திரும்பப் படுக்கச் சொல்லி: "கையை நெஞ்சில கட்டி, தலையை மட்டும் தூக்குங்க. இப்ப அமத்துறன். நோ கூடுதா, குறையுதா?"
"கூடுது."
"நல்லது."
நோ கூடியதற்கு நல்லது சொன்ன முதல் ஆள். விளக்கம்: தலையைத் தூக்கினால் வயிற்றுச் சதை பலகைபோல் இறுகும். நோய் வருத்தம் உள்ளே இருந்தால் அந்தப் பலகை மறைத்து நோ குறையும். கூடினால் வருத்தம் பலகையிலேயே. என் பலகையில் ஓட்டை. ஹேர்னியாவாம்.
"டயர் வெடிப்பால டியூப் புடைக்கிற மாதிரியா?"
"அதேதான் சேர். ஸ்கேன் ஒண்டு எடுப்பம், பிறகு சின்ன ஒப்பரேஷன். பாரம் தூக்காதீங்க. கட்டி இறுகி உள்ள போகாம நிண்டா, சத்தி, வாந்தி வந்தா, உடனே ஆஸ்பத்திரிக்கு."

ஓட்டோ சந்தியைத் தாண்ட, சுபைதா: "தங்கச்சிட மாதிரி இல்லதானே?"
"இல்ல."
அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்ப முழங்கால்?"
"அது... நல்லாத்தான் இரிக்கி."
ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

பில் கட்டவில்லை.

ஜூலை 16, புதன்
ஸ்கேனும் டொக்டர் சொன்னதையே சொல்கிறது. அல்ஹம்துலில்லாஹ். எதிர்வீட்டு ராத்தாவுக்குச் சுபைதா டயர், டியூப் விளக்கம். என்னை விட நன்றாகச் சொல்கிறாள்.

இரவு மூன்று போத்தலையும் என் முன்னால் வைத்தாள். பாயில் இருந்து காலை நீட்டினாள்.
"உங்களுக்குக் குந்தியிருந்து தேச்சித் தேச்சி எனக்கு முழங்கால் நோ. ம்... தேயுங்க."
சம்மாந்துறை எண்ணெய்தான் வேண்டுமாம்.