நான்காவது தட்டின் நிறம்

திவோலி,
பிப்ரவரி 9

அன்பு அக்கா நொயேமிக்கு,

உன் கிறிஸ்துமஸ் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபம் என்னிடம்தான் இருந்தது, தீரக் கொஞ்ச நாளாயிற்று. நீ அனுப்பிய சோம்பு பிஸ்கட்டை அம்மா ஒளித்து வைத்தாள், அப்பா கண்டுபிடித்துத் தின்றுவிட்டார். மடத்தில் உனக்குக் கைபேசி கிடையாது என்பதால் இந்தத் தெருவிலேயே கடிதத்தாள் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். கடைக்காரர் எனக்குக் காதலன் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வேலை கிடைத்ததை அம்மா எழுதியிருப்பாள். "ஸ்கூல விட்டுட்டு கம்ப்யூட்டர்ல படம் போட்டுட்டு இருக்கா" என்றுதான் எழுதியிருப்பாள். அது படம் இல்லை அக்கா. ஊருக்குக் கீழே ஆலிவ் மரங்களுக்கு நடுவில் இடிந்து கிடக்கும் பழைய ரோமப் பேரரசர் ஆத்ரியானோவின் மாளிகையைக் கணினிக்குள் மறுபடி கட்டுகிறோம். தலையில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டால் போதும், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அதற்குள் நடந்து போகலாம். தலையைத் திருப்பினால் தூண் திரும்பும். நிமிர்ந்தால் கூரை தெரியும்.

முதலில் எனக்குக் கொடுத்த வேலை மனிதர்களை அழிப்பது. லேசர் கருவி இடிபாட்டை அளக்கும்போது யாராவது குறுக்கே நடந்தால், புகை மாதிரி ஒரு கோடு விழுந்துவிடும். ஒவ்வொரு புகையாகத் தேடித் துடைக்க வேண்டும். பக்கத்து மேசைக் கோஸிமோ, "ஆளுங்கள கண்டாலே ஓடுவியே, உனக்குன்னே செஞ்ச வேலைடி இது" என்றான். இப்போது அதிலிருந்து உயர்ந்துவிட்டேன். மாளிகைக்கு அடியில் வேலையாட்கள் போய்வந்த சுரங்கப்பாதைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை முழுக்க நான்தான் கட்டுகிறேன். வேறு யாருக்கும் அவை வேண்டாம். எல்லாரும் பளிங்குக் கூடங்களுக்குச் சண்டை போட்டார்கள். நான் இருட்டை எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் அதைத் திறந்து பார்க்கும்போது, இது நான் கட்டியது என்று உள்ளுக்குள் ஒரு திமிர் வருகிறது. அது பாவமா என்று உங்கள் மடத்தில் கேட்டுச் சொல்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆதாரம் கிடைத்ததை மட்டும் முழு நிறத்தில் காட்ட வேண்டும். ஊகித்ததை மங்கலாக, பால் கலந்த நிறத்தில் காட்ட வேண்டும். பார்க்கிறவர் ஏமாறக்கூடாது. இதை மீறினால் எங்கள் தலைவி இர்மா மேடம் கத்த மாட்டார், சும்மா பார்ப்பார். அது இன்னும் மோசம்.

ஜூனில் நீ கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறாய். அதற்கு முன் நீ எழுந்து வந்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று அம்மா பங்குத்தந்தையிடம் கேட்டு வைத்திருக்கிறாள். மூன்று வருடமாக அந்தச் சுவருக்குள் இருக்கிறாய். மடத்துப் பேச்சறையில் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உன்னைப் பார்க்க நான் வரமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். ஆனால் ஜூனுக்கு முன்னால் ஒரே ஒருமுறை நீ வெளியே வந்து பார்க்க வேண்டும். என் மாளிகைக்கு வா. கால் எடுத்து வைக்கக்கூட வேண்டாம், பெட்டியை மாட்டிக்கொண்டால் போதும். உங்கள் மடத்துத் தாயிடம் கேள்.

உன் தங்கை,
திலெத்தா

*

உம்பிரியா,
மார்ச் 2

என் செல்லத் திலெத்தாவுக்கு,

உன் கடிதத்தை உணவறையில் உரக்கப் படித்தேன். இரவுச் சாப்பாட்டின்போது யாராவது ஒருவர் எதையாவது வாசிப்பது இங்கே வழக்கம். வழக்கமாகப் புனிதர் வரலாறுதான். உன் புகை மனிதர்கள் வந்த இடத்தில் சகோதரி அகத்தாவுக்குப் புரையேறிவிட்டது. அவருக்கு எண்பத்தெட்டு வயது, பயந்துபோனோம். உன் கோபத்தையும் ஜூனையும் பற்றிய பகுதியைப் படிக்கவில்லை. அது எனக்கு வந்தது.

திமிரைப் பற்றி மடத்துத் தாயிடம் கேட்டேன். "நல்லா செஞ்ச வேலையப் பாத்து சந்தோஷப்படுறதுக்குப் பேரு திமிரா? அப்ப நாம சுடுற பிஸ்கட்டு?" என்றார்.

ஆனால் பெட்டி விஷயத்தில் அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடைப்பு மடத்துக்காரர்கள் வாசலைத் தாண்டக்கூடாது. உடம்பு தாண்டாமல் கண் மட்டும் தாண்டினால் அது தாண்டியதாகுமா? இரண்டு வாரம் யோசித்தார். தோட்டத்தில், சமையலறையில், ஜெபத்துக்குப் போகிற வழியில் எல்லாரும் இதையே பேசினார்கள். கடைசியில் எங்களைக் கூட்டிச் சொன்னார்: "ஜன்னல் வழியா மலையப் பாக்குறோம். அதுக்கு நான் யாரையும் தண்டிச்சதில்ல. பாக்கலாம். ஆனா தனியா அலையக்கூடாது. கூட ஒரு ஆளு வரணும், பேசணும், வழி காட்டணும். அந்த ஆளு நொயேமியோட தங்கச்சியா இருக்கணும்."

நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, நம்பு. ஆக, நீ வர வேண்டும். பேச்சறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நாங்கள் பதினோரு பேர்.

அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? கல்குவாரியில் முகமூடி போடுகிறாரா, இல்லை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறாரா?

முத்தங்களுடன்,
நொயேமி

*

திவோலி,
மார்ச் 20

அக்கா,

முகமூடி பாக்கெட்டில்தான் இருக்கிறது.

பதினோரு பேர் முன்னால் நான் எப்படிப் பேசுவது? உனக்குத் தெரியாததா? வரலாற்று டீச்சர் பெயர் கூப்பிட்டு, மேசைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து வாய்மொழிக் கேள்வி கேட்பார். எனக்குப் பதில் தெரியும், எல்லாமே தெரியும், ஆனால் வாய் திறக்காது. நீ இருந்தவரை வீட்டில் இரவெல்லாம் என்னைச் சொல்லவைத்துப் பழக்கினாய். ரொட்டிக்கடையில்கூட எனக்காக நீதான் பேசினாய். நீ போன பிறகு இரண்டு வருடம் அந்த மேசைக்குப் பக்கத்தில் ஊமையாக நின்றேன். பதினாறு வயது ஆனதும் படிப்பை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தை விட்டது நான்தான், ஆனால் முதலில் விட்டுப் போனது நீ. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

இர்மா மேடத்திடம் உங்கள் மடத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாளிகையை மக்களுக்குத் திறக்கும் முன்பு முதல் பார்வையாளர்கள் வாசலைத் தாண்டாத கன்னியர்களா என்று வியந்து, மூன்று பெட்டிகளையும் மற்றவர்கள் பார்க்க ஒரு திரையையும் தரச் சம்மதித்தார். "நீ பேச வேணாம், கோஸிமோ பேசட்டும்" என்றும் சொன்னார். கோஸிமோ உடனே, "கன்னியாஸ்திரிகளா? நான் முடி வெட்டிட்டு வரேன்" என்றான்.

என் சுரங்கப்பாதையைப் பற்றி அவன் பேசுவதா?

நானே வருகிறேன். ஏப்ரல் கடைசியில், ஈஸ்டருக்குப் பிறகு. ஒரு விஷயம். எல்லாரும் பார்த்து முடித்த பிறகு நீ தனியாகப் போ. நீண்ட குளம் ஒன்று வரும். அதன் கோடியில் ஒரு கதவு இருக்கும். அதை நீ மட்டும் திறக்க வேண்டும். உனக்காக வைத்தது.

திலெத்தா

*

திவோலி,
மே 3

அன்பு அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் முழுக்கத் தூங்கினேன். வாய் வலித்தது, நிஜமாகவே. அவ்வளவு நான் எப்போதும் பேசியதில்லை.

முதல் பத்து நிமிடம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மடத்துத் தாய் கம்பி வழியாக, "பொண்ணே, நாங்க ஜெபத்துலதான் முணுமுணுப்போம், நீ சத்தமா சொல்லு" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு எப்படியோ வந்துவிட்டது. சகோதரி அகத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வட்டக் குளத்துப் பாலத்தைத் தாண்டும்போது அங்கியைத் தூக்கிப் பிடித்தாரே, நனைந்துவிடும் என்று, அதை அம்மாவிடம் நடித்துக் காட்டினேன். வரிசையாக ஓட்டை போட்ட கழிப்பறையில் நின்று நீங்கள் விட்ட சிரிப்பை இர்மா மேடத்திடம் சொன்னேன். பேராசிரியர்கள்கூட அங்கேதான் அதிக நேரம் நிற்பார்களாம்.

ஆனால் எனக்கு மறக்காதது வேறு. பளிங்குக் கூடத்தில் சகோதரி அகத்தா கேட்டார்: "எல்லாம் சரி, இத்தனையும் யாரு தொடைச்சா?"

நான் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி, "வாங்க, கீழ போலாம்" என்றேன். படியிறக்கி என் பாதைக்குள் கூட்டிப் போனேன். மேலே நடக்கிறவர்கள் கண்ணில் படாமல் விறகும் தண்ணீரும் சாப்பாடும் போன வழி. கூரையில் இருக்கும் சின்னத் துவாரங்கள் வழியாக மட்டும் வெளிச்சம். பிறகு ஒரு சகோதரி மெதுவாக, "இவங்களும் நம்மள மாதிரியே மறைவா இருந்தவங்கதான்" என்றார்.

நீதான் பதில் சொன்னாய். "இல்ல சகோதரி. இவங்கள அடைச்சு வெச்சாங்க. நம்ம கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு."

அதை நீ எனக்குச் சொன்னாயா, அவருக்குச் சொன்னாயா?

கடைசியில் நீ தனியாகக் குளத்தின் கோடிக்குப் போனபோது நான் என் திரையைத் திருப்பி வைத்துவிட்டேன். பார்க்கத் தைரியமில்லை. பெட்டியைக் கழற்றி, துடைத்து, கம்பி வழியாகக் கொடுத்தாய். "நல்லா இருக்கு, திலெ" என்றாய். மணி அடித்தது, போய்விட்டாய். கதவைத் திறந்தாயா, இல்லையா?

இங்கே அது தெரிந்துபோய்விட்டது. இர்மா மேடம் திங்கட்கிழமை கணினிக் கோப்புகளைச் சரிபார்க்கும்போது அந்தக் கதவைத் திறந்திருக்கிறார். பேரரசரின் குளத்துக்குப் பின்னால் நம் வீட்டுச் சமையலறை. என் கைபேசியில் ஒவ்வொரு மூலையாகப் படமெடுத்துக் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை மேசை, அம்மாவின் சோறு அடைத்துச் சுட்ட தக்காளி, நான்கு தட்டு. என்னைக் கூப்பிட்டார்.

"எந்த ஆதாரத்துல இதுக்கு முழு நிறம் குடுத்த?"

"எங்க வீடு மேடம்."

"மேசை இருக்கு, சரி. நாலு பேரா சாப்பிடுறீங்க?"

அவர் அந்தப் பார்வை பார்த்தார். பிறகு, "திறப்பு விழாவுக்கு முன்னாடி எடுத்துடு" என்றார்.

நான் இன்னும் எடுக்கவில்லை. உன் பதிலுக்காக வைத்திருக்கிறேன். வா, அக்கா. உன் தட்டைக் கழுவி வைத்திருக்கிறோம். இப்போது வந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

திலெத்தா

*

உம்பிரியா,
மே 17

என் திலெத்தாவுக்கு,

திறந்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. பேரரசரைப் பார்க்க வந்தவளை இப்படிச் சமையலறையில் பிடித்துவிட்டாளே என்று. பிறகு அடுப்புக்கு மேலே உடைந்த ஓடு தெரிந்தது. அப்பா "நாளைக்கு, நாளைக்கு" என்று ஒட்டாமல் வைத்திருந்தாரே, அது. பெட்டிக்குள் அழுதால் கண்ணாடி மங்கிவிடுகிறது. அதனால்தான் துடைத்துக் கொடுத்தேன். நீ அதைச் சுத்தம் என்று நினைத்திருப்பாய்.

மேசைக்குப் பக்கத்தில் போனேன். கை நீட்டினேன். கை தட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமே வரவில்லை, திலெ. அதை உன்னிடம் மறைக்கக்கூடாது. மணி அடித்தபோது யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. நானாகத்தான் பெட்டியைக் கழற்றினேன், போக வேண்டும்போல் இருந்தது. வீட்டின்மேல் அன்பில்லாமல் இல்லை. எனக்குப் பசி இங்கேதான் எடுக்கிறது.

தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டாய். உனக்கும்தான் சொன்னேன்.

மூன்று தட்டையும் முழு நிறத்தில் வை. நான்காவது உன் ஊகம். ஊகத்துக்கு உங்கள் சட்டம் என்ன என்று நீதான் எனக்கு எழுதினாய்.

உன் பள்ளிக்கூடத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? நான் போனபோது உனக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்தும் போனேன். அது உண்மை. அதற்கு நீ கோபப்படலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும். ஆனால் உனக்காக நான் ரொட்டிக்கடையில் பேசிக்கொண்டே இருந்ததும் அவ்வளவு நல்லதில்லை என்று அந்தச் சுரங்கப்பாதையில் தோன்றியது. "வாங்க, கீழ போலாம்" என்று நீ சொன்ன குரலை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. பதினோரு பேர் உன் பின்னால் வந்தோம். பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து, "என் தங்கச்சி" என்றேன். அவருக்கு அது முன்பே தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

ஜூன் எட்டாம் தேதி வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். வருவாயா?

நொயேமி

*

திவோலி,
ஜூன் 12

அன்பு அக்காவுக்கு,

தட்டை நான் மங்கலாக்கவில்லை. சமையலறை முழுவதையும் எடுத்துவிட்டேன். மற்றவர்கள் பார்க்கிற இடம் அது இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் சாப்பிட்டேன். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நீயே அனுமதி கொடுத்துவிட்டதால் அதை மெதுவாகச் செலவழிக்கிறேன்.

கோவிலில் கம்பிக்குப் பின்னால் சடங்குப்படி நீ தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தபோது அம்மா என் கையை நசுக்கிவிட்டாள். எனக்குப் பயமாக இல்லை. நீ எழுந்து வார்த்தைப்பாட்டை வாசித்தபோது உன் குரல் நடுங்கியது, முதல் தடவையாக. எனக்கு அது தெரியும், அந்த நடுக்கம். "சத்தமா சொல்லு" என்று மனசுக்குள் சொன்னேன். சொன்னாய்.

திறப்பு விழா போன சனிக்கிழமை நடந்தது. மேயர் வந்தார், நீளமாகப் பேசினார், தூணில் இடித்துக்கொண்டார். இல்லாத தூணுக்கு விலகப்போய் இருக்கிற தூணில் இடித்தார். நடக்க முடியாதவர்களுக்கும் வெளியே வரமுடியாதவர்களுக்கும் மாளிகையைக் காட்டும் வேலையை இர்மா மேடம் என்னிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் ரோமில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. பேச வேண்டியது நான்தான், கோஸிமோ பெட்டி தூக்கி வருவான். அவனுக்கு முடி வெட்டிய செலவு வீணாகவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

உன் விழா முடிந்து திரும்பும்போது பஸ் ஓட்டுநர் அப்பாவிடம், "மகளை மடத்துல விட்டுட்டு வரீங்களா, கஷ்டமா இல்லையா?" என்று கேட்டார். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ரெண்டு பொண்ணு. ஒருத்தி உள்ள இருந்து எல்லாருக்காகவும் ஜெபிக்கிறா. இன்னொருத்தி உள்ள கெடக்கிறவங்கள எல்லாம் வெளிய கூட்டிட்டுப் போறா. எதுக்குக் கஷ்டம்?" அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார்.

செப்டம்பரில் உங்களுக்குப் பார்வையாளர் நாள் இருக்கிறதாமே. மடத்துத் தாயிடம் சொல்லிவை: பேச்சறையில் எங்கள் பக்கத்து நாற்காலி ஒன்று ஆடுகிறது, காலுக்கு அடியில் அட்டை வைக்க வேண்டும். நான் இந்தத் தடவை பெட்டி எதுவும் கொண்டுவரமாட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கத்தான் வருகிறேன்.

உன் தங்கை,
திலெத்தா