மூன்று மாத வாரண்டி

ஜனவரி 5, 2022

மடவார் வளாகம் கோயில் வரிசையில் ஒரு தும்மல் போட்டேன். மாஸ்க் தாடையில் கிடந்தது. முன்னால் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் தனியாகக் கற்பூரம் காட்டினார்கள். மானம் போனாலும் தரிசனம் சீக்கிரம் முடிந்தது.

“தூசி,” என்றேன். என் மனைவி பரிபூரணம் முறைத்தாள்.

எனக்குத்தான் அக்டோபர் கடைசியில் கொரோனா வந்து போய்விட்டதே! மூன்று மாதத்துக்குப் பெரும்பாலும் திரும்ப வராது என்று நர்ஸம்மா சொன்னார். காலண்டரில் ஜனவரி 28-ஐச் சுழித்து ‘வாரண்டி முடிவு’ என்று எழுதியிருக்கிறேன். மிக்ஸிக்குக்கூட இப்படிப் பார்த்ததில்லை.

ஜனவரி 8

எட்டு மாதக் கர்ப்பிணியான மகள் இந்து எங்களோடு இருக்கிறாள். அவளைப் பார்க்கக் கூமாப்பட்டியிலிருந்து மருமகன் சோலைராஜ் வந்தார். வாசலிலேயே இருமினார். இரண்டு தடவை. எண்ணினேன். சாப்பிடும்போது இன்னொன்று.

“மாப்ள, செத்த நேரம் வெளிய காத்தாட உக்காருங்களேன்.”

“நெல்லு அடிச்ச தூசி மாமா.”

தூசியாம்!

“ஒங்க தும்மலு தூசி, அவரு இருமலு கொரோனாவாப்பா?” என்று இந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 10

தொண்டை அறுக்கிறது. நான் வேலை பார்க்கும் ராஜபாளையம் மில்லில் பக்கத்து மிஷின் பாண்டியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் சோலைராஜ்தான். வேறு யார்?

ஜனவரி 12

நேற்று எல்லோருக்கும் சோதனை எடுத்தார்கள். எனக்கு இருக்கிறது. சோலைராஜுக்கு இல்லை!

“மூணு மாசம் ஆகலையே நர்ஸம்மா?”

“பெரும்பாலும்னுல்லா சொன்னேன். மாஸ்க்கு போடச் சொன்னது மட்டும் காதுல விழலையாக்கும்? இப்ப வாரது புது வகை. வந்தவியளுக்கும் வருது.”

மொட்டைமாடி ஷெட்டில் நான். இந்துவின் முடிவு இன்னும் வரவில்லை. எனக்கு என்ன வேணாலும் வரட்டும் — அவளுக்கும் வயித்துல இருக்கிறதுக்கும் ஒண்ணும் ஆயிரக்கூடாது, சாமி.

ஜனவரி 14

பொங்கல். முடிவு வந்துவிட்டது. இந்துவுக்குக் கொரோனா இல்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுதேன். ‘சளி’ என்று கீழே குரல் கொடுத்தேன்.

ஜனவரி 22

கீழே இறங்கிவிட்டேன். இந்துவுக்கு இரண்டாவது சோதனையிலும் இல்லை.

சோலைராஜ் வந்தார். படியேறாமல் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“என்னாலதான் இருக்குமோ மாமா? டெஸ்ட்டு சில நேரம் தப்பாவும் காட்டுமாம்ல.”

“இருக்கும், இருக்கும்,” என்றாள் பரிபூரணம்.

“விடு, ஏட்டி. மாப்ள, உள்ள வாங்க,” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் வந்து இருமுவதற்கு மூன்று நாள் முன்பே, ஐந்தாம் தேதி கோயிலில், முகத்துக்கு நேரே எரிந்த கற்பூரம் எனக்கு மணக்கவே இல்லை.