ஆளில்லாமல் ஓடின குதிரை

என்ர செல்ல ராசா,

டென்மார்க் வைலேயில இருந்து அப்பா எழுதுறன். உன்ர கல்லறைக்கு முன்னால இருக்கிற வாங்கில இருந்துதான் எழுதுறன். வாயால சொல்ல வெளிக்கிட்டன், பிறகு பேனையை எடுத்திட்டன். நேற்றுக் குதிரை ஓட்டத்தில உன்ர ஆக்கள் ஓடினவை. முடிவைக் கடைசியில சொல்லுறன், அவசரப்படாதை. நீ எப்பவும் அவசரக்காரன்.

இத்தாலிக்கு நீ வெளிக்கிட்ட நேரம், கட்டடக்கலை படிக்கப் போறாய் எண்டு நினைச்சன். நீ படிச்சது குதிரை! சியெனாவில உன்ர அறை இருந்த வட்டாரத்துக்கெண்டு ஒரு கொடி, ஒரு கோயில், ஓட்டத்துக்கு ஒரு குதிரை. "அப்பா, எதிரி வட்டாரத்தோட இவை முகம் குடுத்துக் கதைக்கமாட்டினம்" எண்டு தமிழில பாதி, டெனிஷில பாதியாப் போனில கத்தினாய். "இதென்ன பெரிய புதினம், எங்கட ஊர் வட்டாரங்களும் அப்பிடித்தான்" எண்டன். நீ விழுந்து விழுந்து சிரிச்சாய்.

ஓட்டத்துக்கு முன்னம் குதிரையைக் கோயிலுக்குள்ள கொண்டுபோக, பாதிரியார் ஆசீர்வதிச்சு, "போய் வெண்டு வா" எண்டு அனுப்புவாராம். குதிரை உள்ளுக்குள்ள லத்தி போட்டால் அதிர்ஷ்டமாம். கொம்மா தலையில கையை வைச்சிட்டா. "இதுக்கோ பிள்ளையைப் பெந்தெகொஸ்தே சபையில வளர்த்தனாங்கள்?" வெல்லுற வட்டாரத்துக்குப் பரிசு மாதா படம் கீறின சீலை எண்டதை நான் அவவுக்கு இண்டைவரைக்கும் சொல்லேல்லை.

நீ சொன்னதில என்ர நெஞ்சில நிண்டது வேறை ஒண்டு. வெண்டால் சனம் கல்லறைத்தோட்டத்துக்குப் போய், செத்தவைக்கு "வெண்டிட்டம்" எண்டு சொல்லி, வட்டாரத்துக் கழுத்துத்துணியைக் கல்லில கட்டிவிடுவினம் எண்டாய். "தோத்தால்?" எண்டு கேட்டன். "தோத்தால் ஆர் அப்பா போவினம்?" எண்டாய்.

பிறகு தலைக்குள்ள கட்டி எண்டு படிப்பைப் பாதியில விட்டிட்டு வந்தாய். சபை முழுக்க உனக்காக உபவாசம் இருந்துது. ஒப்பரேசனுக்கு உருட்டிக்கொண்டு போகேக்க, கட்டிலில கிடந்து சிரிச்சுக்கொண்டு, "அப்பா, குதிரைக்குச் சொல்லுறதைச் சொல்லுங்கோ" எண்டாய். சொன்னன். போய் வெண்டு வா, ராசா எண்டு சொன்னன்.

நீ வரேல்லை. அதுக்குப் பிறகும் சபைக்குப் போறன், பாடுறன், கை தட்டுறன். செபம் மட்டும் வருகுதில்லை. இதை ஆரிட்டைச் சொல்ல?

உன்ர அக்கா புரொண்பியில தன்ர வீட்டில எங்களுக்கு ஒரு அறையை ஒழுங்குபண்ணி வைச்சுக்கொண்டு, வாங்கோ வாங்கோ எண்டு நிக்கிறாள். கொம்மாவுக்கு இந்த வீட்டில மூச்சு முட்டுது. உன்ர அறைக் கதவைத் தாண்டித்தானே குசினிக்குப் போகவேணும். நான்தான் இழுத்தடிச்சன். "அவன்ர வட்டாரம் ஒருக்கா வெல்லட்டும், பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு வாறன்" எண்டு. "செத்தவை கேக்கமாட்டினம் எண்டு பாஸ்டர் எத்தினை தரம் சொன்னவர்? உங்களுக்கென்ன விசரோ?" எண்டு கொம்மா பாய்வா. கடைசியில, இந்த ஓகஸ்ட் ஓட்டத்தோட சரி, வெண்டாலும் தோத்தாலும் வெளிக்கிடுறது எண்டு முடிவாச்சு.

நேற்றுப் பின்னேரம், கட்டி வைச்ச பெட்டியளுக்கு நடுவில லாப்டொப்போட இருந்தன். கயித்துக்குப் பின்னால குதிரையள் முட்டுப்பட்டுக்கொண்டு நிக்குது, ஓட்டம் துவங்கிற மாதிரித் தெரியேல்லை. "இன்னும் விடேல்லையோ?" எண்டு குசினிக்குள்ள இருந்து கொம்மான்ர குரல். தான் பாக்கவே மாட்டன் எண்டு சொன்னவ!

கயிறு விழுந்துது. உன்ர ஆக்கள்தான் முன்னுக்கு! ரெண்டாம் சுத்தில, அந்தப் பொல்லாத வளைவில, ஓட்டினவன் தூக்கி எறியப்பட்டான். "ஐயோ, போச்சு!" எண்டு நான் கத்த, கொம்மா கரண்டியோட ஓடி வந்தா. "இல்லையப்பா, ஆள் இல்லாமல் வந்தாலும் வெற்றிதான், பிள்ளை சொன்னவன்" எண்டன். ராசா, முதுகில ஒருத்தரும் இல்லாமல் அது அப்பிடி ஓடிச்சுது. ஆள் இல்லை எண்டது அதுக்குத் தெரியாதோ? தெரிஞ்சும் ஓடினதோ? கொம்மா என்ர தோளை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, "ஓடு ராசா, ஓடு, இயேசுவே" எண்டு குளறினா.

கோட்டுக்குக் கிட்ட, பின்னால வந்த குதிரையொண்டு தலையை நீட்டி முந்திப்போட்டுது.

"ரெண்டாவது" எண்டன்.

"ரெண்டாவதெண்டால் நல்லம்தானே?" எண்டா கொம்மா.

"இல்லையப்பா, அங்க ரெண்டாவதுதான் பெரிய மானக்கேடு. கடைசியா வாறவையை ஆரும் நக்கலடிக்கிறேல்லை."

அவ அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வந்து எனக்குப் பக்கத்தில இருந்தா. பிறகு மெதுவா, "நாளைக்குப் போய் வெண்டதெண்டு சொல்லுங்கோவன்" எண்டா.

செத்தவை கேக்கமாட்டினம் எண்டு சண்டை பிடிச்சவ, ராசா.

இண்டைக்குக் காலமை உன்ர கழுத்துத்துணியைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு வந்தன். கல்லைத் துடைச்சன், சுத்திவர முளைச்ச புல்லைப் புடுங்கினன். துணியைச் சுத்தி முடிச்சும் போட்டிட்டன். "வெண்டிட்டாங்களடா" எண்டு சொல்ல வாய் வருகுதில்லை. டொக்டர் சொன்ன ஒண்டையும் அந்த நேரம் உனக்கு நான் ஒளிக்கேல்லை, இப்ப போய்க் குதிரைக்காகப் பொய் சொல்லுறதோ? அவிழ்த்து எடுத்திட்டன்.

தோத்துப்போச்சினம், அப்பன். வாற வரியமெண்டாலும் வெல்லுவினம் எண்டு எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு இப்ப ஒண்டிலயும் நம்பிக்கை இல்லை. சனிக்கிழமை சாமான் ஏத்த வான் வருது. உன்னை இந்த மண்ணில தனிய விட்டிட்டுத்தான் போறம்.

தோத்தால் ஆர் போவினம் எண்டு கேட்டனியெல்லே? நான் வருவன். அவை தோக்கிற ஒவ்வொரு முறையும், புரொண்பியில இருந்து ரயில் ஏறி, தோத்துப்போச்சு எண்டு உனக்குச் சொல்ல வருவன்.

உன்ர வட்டாரத்து ஆள்,
அப்பா