இரண்டு அங்குல மூச்சு

மாதா துணை

விருத்தாசலம்,
8.2.1971

அன்புள்ள அப்பாவுக்கு லீமா எழுதிக்கொள்வது. பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாப்பா தவழ்கிறாள்.

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டர் இவரைச் சோதிக்கிறார். மூச்சை இழுத்தால் மார்பு இரண்டு அங்குலமாவது விரியவேண்டுமாம். என் தையல் டேப்பைச் சுற்றித் தினமும் பழகுகிறார். ஒரு அங்குலத்திலேயே இருமல் வந்துவிடுகிறது. "டாக்டர் முன்னாடி அடக்கிக்குவேன், நீ பயப்படாத" என்கிறார்.

பீங்கான் பட்டறைத் தூசியில் வந்த இருமல். நான் எவ்வளவு அழுதும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஒரு டாக்டராவது அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கட்டும் என்றுதான் இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னேன், அப்பா. இது அவருக்குத் தெரியாது.

நீங்கள் அனுப்பிய பனங்கற்கண்டை ஒளித்துவைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை டாக்டர் முன்னால் அவர் இருமவேண்டும். டாக்டர் சொல்வதைத் தனியாகக் கேட்க எனக்குத் தைரியமில்லை. அம்மாவை உடனே அனுப்பிவையுங்கள். பாப்பா அழுகிறாள்.

லீமா